தனி நிறுவனரா, இணை நிறுவனரா? தொழில் மாதிரி மாறும்போது தாக்குப்பிடிப்பது யார்

தனியாகத் தொடங்கினால் பங்கு முழுக்க நமக்கே, முடிவெடுக்க யாரையும் கேட்க வேண்டாம். இருவராகத் தொடங்கினால் வேலை பாதியாகும், சோர்ந்துபோகும் நாளில் தெம்பு சொல்ல ஆள் இருக்கும். இதெல்லாம் தெரிந்ததுதான். நான் இருவர் கட்சி. என் மென்பொருள் நிறுவனத்தை இணை நிறுவனர் ஒருவரோடுதான் தொடங்கினேன். நிரல் அவர் பொறுப்பு, விற்பனை என் பொறுப்பு.

ஆனால் தனி நிறுவனர் பக்கமும் வலுவான ஆதாரம் இருக்கிறது. பொருளை உருவாக்கும் முன்பே மக்களிடம் பணம் திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பணம் திரட்டிய நிறுவனங்களை ஆராய்ந்த ஜேசன் கிரீன்பெர்க்கும் ஈத்தன் மாலிக்கும், குழுவாகத் தொடங்கியவற்றைவிடத் தனி ஆள் தொடங்கியவை நீண்ட நாள் பிழைத்திருந்ததாகக் கண்டார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே என்ன விற்கப்போகிறோம் என்பது முன்பே முடிவாகிவிடுகிறது. வாங்குபவரும் முன்பணம் கட்டிவிடுகிறார். பல ஸ்டார்ட்அப்களுக்கு அந்தத் தெளிவே கிடையாது. முதலில் நினைத்த தொழில் மாதிரி (எதை, யாருக்கு விற்று, எப்படிச் சம்பாதிப்பது என்ற திட்டம்) ஓடாது, மாற்றியே ஆக வேண்டும். என் கணக்கில், குழுவின் அருமை தெரிவது அப்போதுதான்.

இன்ஸ்டாகிராமைப் பாருங்கள். கெவின் சிஸ்ட்ராம் முதலில் தனியாக உருவாக்கியது பர்பன் என்ற செயலி. இருக்கும் இடத்தைப் பதிவது, திட்டம் போடுவது, படம் பகிர்வது என்று அதில் எல்லாம் இருந்தன. மைக் க்ரீகர் சேர்ந்த பிறகு, மக்கள் உண்மையில் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்து, படத்தை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வெட்டினார்கள். 2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் வெளிவந்தது. தான் கட்டியதைத் தானே வெட்ட மனம் வராது. பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் கத்தி எடுப்பது கொஞ்சம் சுலபம்.

எங்களுக்கும் அந்த நாள் வந்தது. தனிநபர் சந்தாவை விட்டு நிறுவனங்களுக்கு விற்பது என்று முடிவானபோது, புதிய மாதிரியில் எதைக் கைவிடுவோம் என்று ஆளுக்கொரு தாளில் எழுதி மாற்றிக்கொண்டோம். அவர் தாளின் முதல் வரியில், அவரே மாதக்கணக்கில் உழைத்துக் கட்டிய வசதி இருந்தது. அதன் பிறகு விவாதிக்க அதிகம் இருக்கவில்லை.

இதற்கெல்லாம் அடியில் இருந்தது பங்கு ஒப்பந்தம். இங்கேதான் குழுக்கள் உடைகின்றன. மாதிரி மாறினால் ஆட்களின் எடையும் மாறும். நேற்றுவரை நிரல் எழுதுபவர் தூண், இன்று விற்பவர். முதல் வாரத்திலேயே ஆளுக்குப் பாதி என்று மொத்தமாகப் பிரித்துக்கொண்டவர்களில் ஒருவர் விலகினால், அந்தப் பாதியும் அவரோடு போய்விடும். அடுத்த முதலீட்டாளர் அந்தப் பங்குப் பட்டியலைப் பார்த்ததுமே தயங்குவார். ஆகவே வெஸ்டிங் இல்லாமல், அதாவது பங்கு ஒரே நாளில் கைக்கு வராமல் வேலை செய்யும் காலத்துக்கேற்பச் சிறிது சிறிதாகச் சொந்தமாகும் ஏற்பாடு இல்லாமல், கையெழுத்துப் போடாதீர்கள். பரவலான வழக்கம் 4 ஆண்டு. முதல் ஆண்டு முடியுமுன் விலகினால் பங்கு கிடையாது. நண்பரிடம் இதைப் பேசக் கூச்சமாக இருந்தால், அவரோடு தொடங்குவதையே தள்ளிப்போடுங்கள்.

ஒரே திறமை உள்ள இருவர் சேர்வதைவிடத் தனியாகப் போவதே மேல் என்பேன். வாடிக்கையாளர் யார் என்று உறுதியாகத் தெரிந்த சிறு கருவி, ஆலோசனைத் தொழில் போன்றவற்றுக்கும் தனி வழியே பொருந்தும். மூன்று நான்கு பேர் தொடங்கிய நிறுவனத்தை நான் உள்ளிருந்து பார்த்ததில்லை, அதனால் இந்தக் கணக்கை அவர்களுக்கு அப்படியே போட மாட்டேன்.