திக்கா டி3எக்ஸ், 6.5 கிரீட்மோர்: பல வருடம் மலையில் சுமந்த அனுபவம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். இந்த ரைபிள் இங்கே இல்லை. நியூசிலாந்தின் தென் தீவில், தீமரு பக்கம் மாட்டுப் பண்ணையில் வேலை செய்யும் என் மச்சான் பெயரில், அவர் வீட்டு இரும்புப் பெட்டகத்தில் இருக்கிறது. அங்கே போகும்போது வருகையாளர்களுக்கான துப்பாக்கி உரிமம் எடுத்துக்கொண்டு அவரோடு மலைக்குப் போவேன். ரைபிளை இரண்டு பேரும் சேர்ந்துதான் தேர்ந்தெடுத்தோம். துருப்பிடிக்காத எஃகுக் குழல், தோளில் அணைக்கும் பிளாஸ்டிக் கட்டை, 6.5 கிரீட்மோர் தோட்டா.

இதை எழுதக் காரணம் நம்ம ஊர்ப் பையன்கள். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், வீடியோ பார்க்கிறார்கள், ஒட்டுக்கடையில் பசியாறும்போது என்னிடம் வந்து கேட்கிறார்கள்: "அண்ணே, முந்நூறு மேக்னம் வாங்கலாமா? ஆயிரம் மீட்டர் அடிக்குமாமே?" அடிக்கும். மானின் நெஞ்சில் அடிக்குமா என்பது வேறு கேள்வி.

நம்ம பக்கத்துத் துப்பாக்கிப் பழக்கமே வேறு. 1948 ஜூன் 16-ல் இந்த சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டித்தான் மலாயாவில் அவசரகாலமே அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு வந்த 1960 ஆயுதச் சட்டமும் 1971 துப்பாக்கிச் சட்டமும் எவ்வளவு கடுமை என்பது எல்லோருக்கும் தெரியும். செம்பனைக் கன்றின் குருத்தைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றியை விரட்ட, போலீஸ் உரிமத்தோடு வைத்திருப்பது பெரும்பாலும் 12 போர் ஷாட்கன்தான். சுடுவதற்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி தனியாக வேண்டும். அப்பாவிடம் அப்படி ஒன்று இருந்தது. முப்பது, நாற்பது மீட்டருக்குள் பன்றி வரும்வரை மூச்சை அடக்கிக் காத்திருப்பார். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவனுக்கு, பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் நிற்கும் மானைச் சுடலாம் என்பதே புதுசு.

தோட்டாவிலிருந்து தொடங்குகிறேன். எல்லோரும் சண்டை போடுவது அதில்தான். .308 வின்செஸ்டர் 1952-ல் வந்தது. நியூசிலாந்தில் எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். .300 வின்செஸ்டர் மேக்னம் 1963-ல் வந்தது. பலம் அதிகம், உதையும் அதிகம். ஒரே எடையுள்ள ரைபிளில் சுட்டால் அதன் உதை 6.5 கிரீட்மோரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூன்று கிலோகூட வராத மலை ரைபிளில் அந்த உதை வாங்கினால் நாலாவது தோட்டாவிலேயே கண் தானாக மூடிக்கொள்ளும், விசையை அழுத்தாமல் வெடுக்கென்று இழுக்க ஆரம்பித்துவிடுவோம். உதை குறைவான ரைபிளில்தான் ஆள் நிறையப் பழகுவான். கிரீட்மோரின் குண்டு நீளமாக, ஒல்லியாக இருப்பதால் காற்றையும் கொஞ்சம் நன்றாகவே தாங்கும். எங்களுக்கு இந்த இரண்டு காரணமும் போதுமானதாக இருந்தது.

காற்று என்று சொன்னேன் அல்லவா, தூரச் சூட்டில் முக்கால்வாசி விஷயம் அதுதான். 143 கிரெயின், அதாவது ஒன்பது கிராமுக்குச் சற்று மேல் எடையுள்ள குண்டு குழலை விட்டு வெளியேறும்போது நொடிக்கு ஏறக்குறைய 820 மீட்டர் வேகம். 200 மீட்டரில் குறி சரியாக விழும்படி வைத்தால், 300 மீட்டரில் கால் மீட்டர் கீழே விழும், 400-ல் முக்கால் மீட்டர். கேட்க பயமாக இருக்கும், ஆனால் இது பிரச்சினையே இல்லை. லேசர் தூரமானி நொடியில் தூரம் சொல்லிவிடும், ஸ்கோப்பின் திருகை அதற்கேற்பத் திருப்பிக்கொள்ளலாம். சரிவில் மேலேயோ கீழேயோ சுடும்போது மட்டும் கிடைமட்டத் தூரத்தைக் கணக்கெடுக்க வேண்டும்: 45 பாகைச் சரிவில் 300 மீட்டர் என்று காட்டினால் 210 மீட்டருக்கு வைத்துச் சுட வேண்டும். நல்ல தூரமானிகள் இதையும் தாமாகவே கணக்குப் போடும்.

காற்றுக்கு அப்படி ஒரு கருவி இல்லை. மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்று என்பது முகத்தில் சும்மா தடவிக்கொண்டு போவதுபோல்தான் இருக்கும். அது இந்தக் குண்டை 300 மீட்டரில் 15 சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்டத் தள்ளும், 400 மீட்டரில் 28 சென்டிமீட்டர். சிவப்பு மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் 25 சென்டிமீட்டர் வட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குறிவைத்து, காற்றைக் கணக்கில் எடுக்காமல் விட்டால், 300-லேயே ஓரத்தைத் தாண்டிவிடும். 400-ல் குடலிலோ தோள்பட்டைக்கு முன்னாலோ போகும். குடலில் பட்ட மான் மணிக்கணக்கில் செத்துக்கொண்டிருக்கும். அதை இருட்டில் தேடுவதைவிட வேதனை வேட்டையில் வேறு கிடையாது. கறியும் வீணாகும்.

கையில் இருக்கும் காற்றுமானி நாம் நிற்கும் இடத்துக் காற்றை மட்டும்தான் சொல்லும். ஒருமுறை ஏப்ரல் தொடக்கத்தில், கொம்பன்கள், அதாவது ஆண் மான்கள், கத்தும் காலம். எதிர்ச்சரிவில் ஒரு பெரிய கொம்பன், தூரமானி 390 காட்டியது. என் பக்கத்துப் புல் அசையவே இல்லை. நடுப்பள்ளத்தில் மூடுபனி இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கொம்பன் காலடியில் கொத்துக் கொத்தாக இருந்த டஸ்ஸக் புல்லோ வலமிருந்து இடமாகப் படுத்துக் கிடந்தது. இதில் எந்தக் காற்றுக்கு வைத்துச் சுடுவது? மச்சான் மெதுவாகச் சொன்னார்: "மாமா, ஓடைக்குள்ள இறங்கிடலாம். இன்னும் கிட்ட போகலாம்." முழங்கால் ஆழத் தண்ணீரில், ஐஸ் மாதிரிக் குளிரில், கல்லைப் பிடித்துப் பிடித்து ஏறினோம். 210 மீட்டரில் ஒரு பாறை மேல் முதுகுப்பையை வைத்துப் படுத்தேன்.

தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் கைப்பிடித் தண்டுதான் போல்ட். இந்த இடத்தில்தான் அதன் அருமை தெரியும். சுடத் தயாராகும்வரை குழலில் தோட்டா ஏற்றக்கூடாது என்பது அந்த நாட்டு விதி. தோட்டா கிளிப்பில் மட்டும் இருக்கும். கொம்பன் தலையைத் திருப்பிய நேரம் போல்ட்டை அங்குலம் அங்குலமாக முன்னே தள்ளினேன். உரசல் இல்லை, தடங்கல் இல்லை. தோட்டா கிளிப்பை விட்டு நழுவிக் குழலுக்குள் போவது விரலில் மட்டும் தெரிந்தது. பழைய மவுசர் 98 வகையில் கைப்பிடியை 90 பாகை தூக்க வேண்டும், இதில் 70 பாகைதான். கையுறை போட்ட விரல் ஸ்கோப்பில் இடிக்காது. விசை சுத்தமாக, கண்ணாடி உடைவதுபோல் விடும். அதை இழுக்கத் தேவையான எடையை ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோவுக்குள் நமக்குத் தகுந்தபடி வைத்துக்கொள்ளலாம். அந்தக் கொம்பன் நின்ற இடத்திலேயே மடிந்து விழுந்தது. எலும்போடு சேர்த்து மச்சான் வைத்த பிரட்டல் பண்ணை முழுக்க மணந்தது.

இந்த ரைபிளின் பாதுகாப்புப் பூட்டான சேஃப்டி, விசையையும் போல்ட்டையும் சேர்த்தே பூட்டும். தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமென்றால் சேஃப்டியை விடுவித்தே ஆக வேண்டும். அந்த நேரத்தில் குழல் எங்கே பார்க்கிறது என்பது பழக்கமாகவே வர வேண்டும். நான் எப்போதும் மண்ணைப் பார்க்கப் பிடித்துத்தான் திறப்பேன்.

கட்டையின் நீளத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை; எனக்கு இது தோட்டாவைவிட முக்கியம். கடையில் இருக்கும் ரைபிள்கள் ஆறடி ஆளுக்குச் செய்தவை. எனக்கு ஐந்தடி நாலங்குலம். அங்கே குளிருக்கு இரண்டு சட்டை, மேலே தடித்த ஜாக்கெட். தோளில் வைத்தால் கட்டை இன்னும் இரண்டு விரல் நீண்டுவிடும். தலையை நீட்டி ஸ்கோப்பைத் தேட வேண்டிவரும், ஓரத்தில் கறுப்பு நிழல் விழும், மான் அதற்குள் போயிருக்கும். ஒரு பட்டறைக்காரரிடம் கொடுத்துக் கட்டையின் பின்பக்கத்தை அறுத்துக் குறைத்து ரப்பர் அட்டையை மறுபடி ஒட்டினோம். அதன் பிறகு தூக்கினாலே கண் நேராக ஸ்கோப்பின் நடுவில் வந்து நிற்கிறது. கடையில் பார்க்கும்போது ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே, கண்ணை மூடித் தூக்கி, பிறகு திறந்து பாருங்கள். முழு வட்டம் தெரியாத ரைபிளை எவ்வளவு நல்ல பெயர் இருந்தாலும் வாங்காதீர்கள்.

ரைபிளுக்குக் கொடுக்கும் அளவு காசை ஸ்கோப்புக்கும் அதன் பிடிகளுக்கும் கொடுங்கள். முதலில் மாட்டியிருந்த ஒரு ஸ்கோப், பெயர் வேண்டாம், ஒரு பாறையில் தட்டியதும் குறி மாறிப் போனது. மறுநாள் காலை 100 மீட்டரில் அட்டையைச் சுட்டுப் பார்த்ததால் தெரிந்தது. பெரிய எண்ணுள்ள ஸ்கோப் தேவையில்லை. மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு போதும். பெருக்கம் கூடினால் கை நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகத் தெரியும், தூறலில் காட்சியும் மங்கும்.

அங்கே சைலன்சர் சட்டப்படி செல்லும், எல்லோரும் போடுகிறார்கள். காதுக்கு நல்லது, உதையும் குறையும். குழல் முனை கனப்பதுதான் அதன் விலை. அதனால் நீளக் குழல் தேடாதீர்கள்; 50 சென்டிமீட்டர் குழலோடு சைலன்சர் போட்டால் புதருக்குள் நுழைய முடியும்.

எடையில் எனக்குத் திட்டமான கருத்து உண்டு. 1904-ல் மவுண்ட் குக் பக்கம் கொண்டுவந்து விட்ட இமாலய தார் ஆடுகள் இருக்கும் இடத்துக்கு ஏறிப் பாருங்கள், அரைக் கிலோ வித்தியாசம் முழங்காலில் பேசும். ஆனால் மிக லேசான ரைபிள் மூச்சிரைக்கும்போது நிற்காது, குறி ஆடிக்கொண்டே இருக்கும். ஸ்கோப், சைலன்சர், தோட்டா எல்லாம் சேர்த்து நாலு கிலோவுக்குப் பக்கம் வருவது எனக்குச் சரியாக இருக்கிறது. மழைக்குத் துருப்பிடிக்காத எஃகும் பிளாஸ்டிக் கட்டையும்தான் லாயக்கு. வால்நட் கட்டை பார்க்க அழகு, நனைந்தால் ஊதும்.

போகிறவர்கள் கவனிக்க: உரிமத்துக்குச் சில மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். பொது நிலத்தில் வேட்டையாட இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதிச்சீட்டும் வேண்டும், அது இலவசம். தோட்டத்து மண் ஒட்டிய பூட்ஸைப் பல்துலக்கும் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, விமான நிலையத்தில் மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லாமல் மாட்டினால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். திரும்பி வரும்போது ஜாக்கெட் பை, முதுகுப்பையின் மூலை எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டுங்கள். மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவோடு கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவில் இறங்கினால் 1960 சட்டம் காத்திருக்கிறது.

மச்சான் மகளுக்குப் பதினாறு ஆகப்போகிறது, அங்கே உரிமம் கேட்கும் வயது. அவளுக்கு இதே ரைபிளின் கட்டை குட்டையான காம்பேக்ட் வகையை, அதே 6.5 தோட்டாவில், பார்த்து வைத்திருக்கிறோம். தோட்டாப் பெட்டி இரண்டு பேருக்கும் ஒன்றாகவே போகும்.