வேலூர் மொட்டைமாடியிலிருந்து லிட்டில் அந்தமான் அலை பார்த்த கதை: விண்டி செயலி

கடலே இல்லாத வேலூரில் உட்கார்ந்துகொண்டு கடற்காற்றைக் காட்டும் செயலிக்கு மதிப்புரை எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று, எங்கள் பக்கத்துத் திருவண்ணாமலையை மழையில் தத்தளிக்கவிட்ட நாட்களில்தான் விண்டி என் கைப்பேசிக்குள் வந்தது. அன்று மழைக்காகப் பார்த்ததை, கோவளத்தில் அலைச்சறுக்கு பழகிய அக்கா மகன் லிட்டில் அந்தமானுக்குப் போயே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த பிறகு, கடலுக்காகப் பார்க்கத் தொடங்கினேன். ஏப்ரல் மாத இரவுகளில் தரை சூடு தணியாத மொட்டைமாடியில் பாயை விரித்துக்கொண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் தொலைவிலுள்ள அலையைப் பார்ப்பது எங்கள் இருவருக்கும் வழக்கமாகிவிட்டது.

இந்தச் செயலி தானாக வானிலையைக் கணிப்பதில்லை. ஐரோப்பிய மையமான ஈசிஎம்டபிள்யூஎஃப், அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் முதலிய கணிப்பு மாதிரிகளின் முடிவுகளை வாங்கி, காற்றை ஓடும் கோடுகளாக வரைந்து காட்டுகிறது. அழகைவிட முக்கியமானது, உள்ளூர்க் காற்று எழுப்பும் அலையையும் தொலைவிலிருந்து வரும் ஸ்வெல்லையும் தனித்தனியே பிரித்துக் காட்டுவதுதான். ஒவ்வொன்றுக்கும் உயரம், திசை, இரண்டு முகடுகளுக்கு இடைப்பட்ட விநாடிகள் ஆகிய மூன்றும் கிடைக்கின்றன.

இந்த மூன்றாவது எண்ணை நான் மதிக்கவில்லை. லிட்டில் அந்தமானுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாளுக்கு 1.1 மீட்டர், 15 விநாடி என்று இருந்தது. இடுப்பளவு அலைதானே என்று பையனை பட்லர் பே கரையில் இறக்கிவிட்டேன். பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர், "தம்பி, நேரத்தை எண்ணிப் பாருங்க, இது தூரத்து அலை" என்றார். விரல்விட்டு எண்ணினேன், பதினான்கு வந்தது. அதற்குள் வந்த வரிசை தலைக்கு மேல் எழும்பிப் பையனைப் புரட்டிப்போட்டு, காலோடு பலகையைக் கட்டியிருந்த லீஷையும் அறுத்துவிட்டது. முழங்கையில் சிராய்ப்போடு தப்பினான். தவறு செயலியுடையது அல்ல, அதைப் படித்த என்னுடையது.

ஆழ்கடலில் 6 விநாடி அலையின் நீளம் சுமார் 56 மீட்டர் என்றால், 15 விநாடி அலையின் நீளம் 350 மீட்டரை எட்டுகிறது. அவ்வளவு நீண்ட அலை ஆழம் குறைந்த இடத்தில் தரையைத் தொட்டதும் வேகம் குறைந்து, உயரத்தில் வளர்ந்துவிடுகிறது. இவை பிறக்கும் இடம் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், தெற்கு அட்சரேகை 40 பாகைக்கும் அப்பால் உள்ள புயல் மண்டலம். அலைக்கூட்டம் மணிக்கு 40 கி.மீ. அளவில் நகர்வதால் அந்தமானை எட்டவே ஐந்தாறு நாட்கள் பிடிக்கும். புயல் ஏற்கெனவே அடித்து முடித்த அலை என்பதால், ஸ்வெல்லைப் பற்றிய முன்கணிப்பு நான்கைந்து நாட்களுக்கு முன்பே நம்பத்தக்கதாக இருக்கிறது. நாங்கள் தங்கிய நாட்களில் வேலூரில் குறித்துக்கொண்ட தேதிக்கும் அலை வந்த தேதிக்கும் அரைநாள்கூட வித்தியாசமில்லை.

காற்றுக்கு அதே நம்பிக்கையை வைக்க முடியாது. மாதிரிகள் பூமியைக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணிக்கின்றன. ஜிஎஃப்எஸ் மாதிரியின் கட்டம் ஏறக்குறைய 22 கி.மீ., ஐரோப்பிய மாதிரியினுடையது 9 கி.மீ.; சுமார் 25 கி.மீ. அகலமே உள்ள ஒரு தீவு அகலவாக்கில் ஒன்று முதல் மூன்று கட்டங்களுக்குள் அடங்கிவிடுகிறது. இரவில் நிலம் குளிர்ந்து விடியற்காலையில் கடலை நோக்கி வீசும் கரைக்காற்றுதான் அலையின் முகத்தை வழவழப்பாக வைத்திருக்கும். கிழக்கு நோக்கிய பட்லர் பேயில் அது மேற்கிலிருந்து வர வேண்டும். அந்த மெல்லிய காற்றைச் சில நாட்கள் வரைபடத்தில் காணவே முடியாது. ஆறு மணிக்குள் கரையில் போய் நின்றால்தான் தெரியும். பிற்பகலில் தீவுக்கு மேல் திடீரென்று திரளும் மழைக்கும் இதே கதைதான். மே நடுவில் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் கடல் கலங்கிவிடும் என்பதால் மார்ச் முதல் மே தொடக்கம் வரையான காலத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். மழைக்காலத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று எங்களிடம் ஜூன் மாதப் பயணத்தைத் தள்ளிவிடப் பார்த்த ஒரு முகவரின் பேச்சைக் கேட்காமல் இருந்தது இந்த வரைபடத்தால்தான்.

கட்டணம் கட்டினால் மூன்று மணி நேரத்துக்குப் பதிலாக ஒரு மணி நேர இடைவெளியில் கணிப்பு கிடைக்கும். ஒரு வாரப் பயணத்துக்கு இலவசப் பதிப்பே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் கடல் எச்சரிக்கைகளையும் கூடவே பார்க்க வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்று அல்ல. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுக்கிறேன். அக்கா மகன் இப்போதெல்லாம் உயரத்தைப் பார்ப்பதற்கு முன்பே விநாடியைத்தான் கேட்கிறான்.