30 வெள்ளி (ரிங்கிட்) பெல்லட் டிராப்: ரொம்ப நாள் சுட்டுப் பார்த்த பிறகு

ஏர் ரைபிள் குண்டை (பெல்லட்) பிடிக்கும் பெட்டியை, அதாவது டிராப்பை, காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா என்று கிளப்புக்கு வரும் புதியவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். இங்கே பினாங்கில் எங்கள் பத்து மீட்டர் வரிசையில் தொங்குகிற பெட்டிகளில் சில நாங்களே பலகையும் பழைய டியூப்பும் வைத்துச் செய்தவை, நான் செய்தது இரண்டு வருஷத்துக்கு மேலாக அடி வாங்கிக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து இரும்புப் பெட்டி வரவழைத்தால் பெட்டியின் விலையைவிட அதன் எடைக்குக் கட்டும் தபால் செலவுதான் வயிற்றைக் கலக்கும்.

முதலில் ஒரு விஷயம். யூடியூப்பில் பிரிட்டன்காரர் தோட்டத்தில் நின்று சுடுவதைப் பார்த்துவிட்டு நம் டாமான் (குடியிருப்பு) வீட்டுப் பின்புறத்தில் இதைத் தொங்கவிடலாம் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் குண்டின் சக்தி 12 அடி-பவுண்டுக்குள் இருக்கும் ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை, அதனால் அவர் சுடுகிறார். மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஏர்கன்னையும் ஆயுதம் என்றே சொல்கிறது, போலீஸ் லைசென்ஸ் இல்லாமல் கையில் வைத்திருப்பதே குற்றம். ஆகவே நான் எழுதுவது முழுக்க கிளப் வரிசைக்கான பெட்டி பற்றி.

நாங்கள் சுடுவது 4.5 மில்லிமீட்டர் ஈய பெல்லட், பத்து மீட்டர் தூரம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் மலேசிய வீராங்கனை நூர் சூர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்டாரே, அதே பிரிவு. பெல்லட் ஒன்று ஏறக்குறைய 0.53 கிராம், வேகம் விநாடிக்கு 170 மீட்டர் அளவில், கணக்குப் போட்டால் ஏழரை ஜூல் சொச்சம். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், கண்ணில் பட்டால் கண் போய்விடும். ஆனால் நிறுத்துவதற்கு இது பெரிய சக்தியே இல்லை, ஒரு தடித்த பழைய புத்தகம்கூட நிறுத்திவிடும். அதனால் டிராப்பை 'குண்டை நிறுத்துகிறதா' என்று மட்டும் பார்த்து மதிப்பிடுவதில் அர்த்தமில்லை. எல்லாமே நிறுத்தும். திருப்பி அடிக்கிறதா, ஈயத்தைப் பொடியாக்குகிறதா, எவ்வளவு சத்தம் போடுகிறது, ஆறு மாதம் கழித்தும் அதே மாதிரி வேலை செய்கிறதா, இதுதான் கேள்வி.

கிளப்பில் முன்பிருந்தே இருப்பவை இரும்புத் தகட்டுப் பெட்டிகள். உள்ளே தகடு 45 டிகிரி சாய்ந்திருக்கும், குண்டு அதில் மோதிக் கீழே தட்டில் விழும். ஆயுசுக்கும் உழைக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் 'டங்' என்று ஒரு சத்தம், பக்கத்து வரிசையில் மூச்சை அடக்கி நிற்பவருக்குத் தூக்கிவாரிப் போடும். இன்னொன்று, தட்டை வெளியே இழுத்தால் பெல்லட்டெல்லாம் நசுங்கிய பொட்டுக்கடலை மாதிரி கிடக்கும், ஓரத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய தூசி படிந்திருக்கும். அது ஈயம். ஈயத்தில் இந்த அளவுக்குள் ஆபத்தில்லை என்று ஒரு பாதுகாப்பான அளவே தெரியாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை, குழந்தைகளுக்கு இன்னும் மோசம். ஜூனியர் பிள்ளைகள் வந்து நிற்கிற இடத்தில் அந்தத் தட்டை விளக்குமாற்றால் கூட்டுவதைப் பார்த்த பிறகுதான் வேறு வழி தேட ஆரம்பித்தேன்.

பழைய நாளிதழைக் கட்டி அட்டைப்பெட்டியில் அடைக்கும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். ஒருவர் செய்தும் வைத்திருந்தார். சத்தம் குறைவு, செலவு சுழியம், சரி. ஆனால் ரைபிளுக்கான குறி அட்டை 8 சென்டிமீட்டர் சதுரம்தான், அதில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். கொஞ்சம் கை தேறியவர் சுட்டால் எல்லாக் குண்டும் ஒரே இடத்தில் போய்க் குழி தோண்டும், காகிதம் அங்கே பொடிப்பொடியாகிவிடும். அதற்கு மேல் நம் ஊர் ஈரம், கரப்பான் குடும்பத்தோடு குடியேறும். எலக்ட்ரிக்கல் குழாய் வாயை அடைக்கும் அந்தக் களிமண் மாதிரியான பசையும் நல்லதுதான், குண்டை அப்படியே விழுங்கிவிடும், சத்தமே வராது. ஆனால் ஒரு பெட்டி நிரப்பும் அளவு வாங்கினால் மலிவு என்ற பேச்சுக்கே இடமில்லை, கூரைத் தகட்டின் கீழே மதிய வெயிலில் அது இளகித் தொங்கவும் செய்யும்.

நான் பிடித்தது டியூப். மோட்டார் சைக்கிள் டியூப். டயரில் இரும்புக் கம்பி இருக்கும், குண்டு அதில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. டியூப் வெறும் ரப்பர். பட்டர்வொர்த்தில் எனக்குத் தெரிந்த பட்டறை அண்ணனிடம் கேட்டேன். "கப்சாய் டியூப்பா? அள்ளிக்கிட்டுப் போங்க தம்பி, எனக்குக் குப்பை போடுற வேலை மிச்சம்" என்றார். (கப்சாய் என்றால் சின்ன மோட்டார் சைக்கிள்.) வால்வை வெட்டி எறிந்துவிட்டு (அது பித்தளை, உள்ளே இருக்கக் கூடாது) மீதியை இரண்டு விரல் அகலத் துண்டுகளாக நறுக்கினேன். இந்த வேலைதான் இதில் கொடுமை. சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்தால் வீட்டில் சண்டை வரும், தகடு வெட்டும் கத்தரி நல்லது. ஒரு சனிக்கிழமை மாலை முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்து நறுக்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி 12 மில்லிமீட்டர் பிளைவூட். முகம், அதாவது குண்டு நுழையும் முன்பக்கம், 30க்கு 30 சென்டிமீட்டர், ஆழம் 15. பின்பலகைக்கு உள்பக்கம் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, ஜெலுத்தோங் பக்கம் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கியது, இரண்டு கிலோ சொச்சம். நியாயமாகப் பார்த்தால் அந்தத் தகட்டை இதுவரை ஒரு குண்டுகூடத் தொட்டதில்லை, ஆனால் ரப்பர் என்றைக்காவது கீழே இறங்கி இடைவெளி விட்டால் அதுதான் கடைசிக் காவல், அதை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பலகை ஓரத்துண்டுகள் தச்சரிடம் சும்மா கிடைத்தன. தகடு, திருகாணி, கொஞ்சம் பெயின்ட், எல்லாம் சேர்த்து 30 வெள்ளிக்குள் முடிந்தது. தேர்தல் முடிந்த சமயமாக இருந்தால் முகத்துக்கும் செலவில்லை: கம்பத்தில் தொங்கிய இம்ப்ராபோர்டு (பிளாஸ்டிக் விளம்பரப் பலகை) யாரிடமாவது மூட்டையாகக் கிடக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வேட்பாளரின் சிரிக்கும் முகம் உள்பக்கம் இருக்கட்டும், யார் வம்பும் வேண்டாம்.

முகத்துக்கு லோரி மட்கார்டு ரப்பர் போடலாமே, ஓட்டையே விழாதே என்று கேட்பார்கள். கூடாது. தடித்த, இறுக்கமான ரப்பர் ஷீட் இந்த வேகத்துக் குண்டைச் சில நேரம் அப்படியே சுட்டவரிடம் திருப்பி அனுப்பும். கெட்டிப் பலகையும் அப்படித்தான். முன்னால் இருப்பது குண்டு எளிதாக நுழையும் பொருளாக இருக்க வேண்டும், உள்ளே தளர்வாகக் கிடக்கும் துண்டுகள் அதன் வேகத்தைத் தின்ன வேண்டும். இம்ப்ராபோர்டு ஒன்று, அதன் பின்னால் சாதாரண அட்டை ஒன்று, போதும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுட வேண்டாம், எந்தப் பெட்டியாக இருந்தாலும். ஸ்டீல் பிபி (இரும்பு உருண்டைக் குண்டு) சுடுகிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம், அது துள்ளும்.

இவ்வளவு நாள் பயன்படுத்தியதில் தெரிந்தவை. சத்தம் 'தொப்' என்பதோடு சரி. முகத்தில் நடுவே விழும் ஓட்டை 50 சென் காசு அளவுக்கு வந்ததும் துண்டுகள் வெளியே எட்டிப்பார்க்கும், அப்போது முகத்து அட்டையை மாற்ற வேண்டும். டேப் ஒட்டி இன்னும் கொஞ்ச நாள் இழுக்கலாம். பெட்டி சதுரமாக இருப்பதன் பயன் இங்கேதான்: குறி அட்டையை நடுவில் ஒட்டாமல் ஒரு மூலைப் பக்கமாக ஒட்டுங்கள், அங்கே தேய்ந்ததும் பெட்டியைக் கால்வட்டம் திருப்பித் தொங்கவிட்டால் புது இடம் வந்துவிடும். குறி அட்டையின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் கொக்கியை ஏற்றி இறக்க வசதி வைத்துக்கொள்ளுங்கள். திருப்பும்போது உள்ளே ரப்பரும் குலுங்கி மறுபடி பரவிக்கொள்ளும். இல்லாவிட்டால் துண்டுகள் மெல்ல மெல்லக் கீழே இறங்கி மேலே வெற்றிடம் விழும், இதுதான் இந்த வகையின் உண்மையான குறை. மாதத்துக்கு ஒருமுறை மேல்பலகையைத் திறந்து ஒரு கைப்பிடி டியூப் சேர்க்கிறேன்.

சுத்தம் செய்யும் நாள்தான் எனக்குப் பிடித்த நாள். பெட்டியைக் கவிழ்த்துத் துண்டுகளை மணல் சல்லடையில் போட்டு மெதுவாக ஆட்டினால் பெல்லட் கீழே கொட்டும். பெரும்பாலானவை மூக்கு மட்டும் லேசாக மழுங்கியபடி, பின்பக்கப் பாவாடை (விரிந்த அடிப்பகுதி) முழுசாக, அதில் குழலின் கோடுகள் தெரியும்படி இருக்கும். தகட்டுப் பெட்டியில் இது கிடைக்கவே கிடைக்காது. குண்டுகள் எல்லாம் முன்பாதி ரப்பரிலேயே நின்றுவிடுகின்றன, பின்பாதியில் தேடினாலும் ஒன்றும் இல்லை. தூசி குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. முகமூடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், தரையை ஈரத்துணியால் துடையுங்கள், கூட்ட வேண்டாம். அப்புறம் நேராக நாசி கண்டார் (சோறும் கறியும்) கடைக்குப் போகிற ஆட்கள் நாம், அதுவும் கையால் சாப்பிடுகிறவர்கள். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டுப் போங்கள்.

வெளியே மழையில் வைக்காதீர்கள். பிளைவூட் உப்பும், திருகாணி துருப்பிடிக்கும், அதைவிட உள்ளே தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசு முட்டையிடும். 1975ஆம் ஆண்டுப் பூச்சி ஒழிப்புச் சட்டத்தில் வரும் அபராதத்துக்கு நல்ல இரும்புப் பெட்டியே வாங்கிவிடலாம். கூரைக்குக் கீழே இருந்தாலும் அடிப்பலகையில் நாலு சின்ன ஓட்டை போடுவது நல்லது. கடல் காற்று அடிக்கிற இடம் என்றால் மரத்துக்கு இரண்டு கோட் பெயின்ட்.

சேர்ந்த ஈயத்தைப் பழைய இரும்புக் கடையில் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கிலோ சேர ஏறக்குறைய 1900 பெல்லட் வேண்டும், பெரிய வருமானம் என்று கனவு காண வேண்டாம். தூண்டில் ஈயக்கட்டி செய்யக் கேட்கிற மீன்பிடி நண்பர்கள் இருப்பார்கள். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், அதனால் வீட்டு அடுப்பில் வைக்கத் துணிவார்கள். அவர்களுக்குக் கொடுப்பதில்லை என்று நான் வைத்திருக்கிறேன்.

பிஸ்டல் சுடுகிறவர்களுக்கு இந்த அளவு போதாது. அந்த அட்டையே 17 சென்டிமீட்டர், கை ஆட்டமும் அதிகம், முகம் 40க்கு 40 எடுங்கள். என் பெட்டியே பத்து கிலோவுக்கு மேல் வருகிறது, அது இன்னும் கனக்கும், கொக்கியில் தொங்கவிடாமல் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள்.