சாகா, மைவி, சிட்டி: இதில் எது உள்ளூர்க் கார்?

2018 டிசம்பரில் மலேசியாவின் முதல் தேசியக் கார் நிறுவனமான புரோட்டோனின் எக்ஸ்70 விற்பனைக்கு வந்தது. மூக்கில் புலித்தலைச் சின்னம், அறிமுக விழாவில் தேசியப் பெருமை பற்றிய உரை, எல்லாம் இருந்தது. ஆனால் முதல் ஓராண்டு அளவுக்கு நாம் வாங்கிய எக்ஸ்70 எல்லாமே சீனாவில் பாகம் பாகமாகப் பூட்டப்பட்டு, கப்பலில் வந்து இறங்கியவை. அதே நாள்களில் மலாக்கா பெகோவில் நம் நாட்டுப் பிள்ளைகள் ஹோண்டா சிட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். கிள்ளான் புக்கிட் ராஜாவில் டொயோட்டா வியோஸுக்கான புதுத் தொழிற்சாலை திறக்கும் தறுவாயில் இருந்தது.

அதாவது, "தேசியக் கார்" இறக்குமதிச் சரக்கு. "ஜப்பான் கார்" உள்ளூர்ச் சரக்கு. மாமாக் கடை மேசையில் தே தாரிக் ஆறும் வரை "லோக்கலா, இம்போர்ட்டா" என்று நாம் போடும் சண்டைக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்திதான்.

முதலாளி யார் என்று பார்த்தால் குழப்பம் இன்னும் கூடும். புரோட்டோனில் 50.1 விழுக்காடு டி.ஆர்.பி.-ஹைகோம் என்ற மலேசிய நிறுவனத்திடம் இருக்கிறது; மீதி 49.9 விழுக்காட்டை 2017இல் சீனாவின் ஜீலி வாங்கியது. அதே டி.ஆர்.பி.-ஹைகோமுக்கு ஹோண்டா மலேசியாவிலும் 34 விழுக்காடு உண்டு. டொயோட்டாவை இங்கே விற்கும் யு.எம்.டபிள்யூ.தான் மைவியைச் செய்யும் பெரோடுவாவில் 38 விழுக்காடு வைத்திருக்கிறது. அந்த யு.எம்.டபிள்யூ.வை 2023 கடைசியில் சைம் டார்பி வாங்கிவிட்டது. ஆமாம், நம் தாத்தா பாட்டி பால்மரம் சீவிய தோட்டங்களின் பலகையில் இருந்த அதே பெயர். சுற்றிச் சுற்றி எங்கே வந்து நிற்கிறோம் பாருங்கள்.

ஆகவே கொடியை வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. எந்தக் காரை யார் வடிவமைத்தார்கள், பாகங்களை யார் செய்துகொடுத்தார்கள், அந்தப் பாகம் கெட்டால் யார் தலையில் விடியும் என்று பார்த்தால்தான் ஏதாவது விளங்கும். அப்படிப் பார்க்கும்போது புரோட்டோனை ஒரே காராக வைத்துப் பேச முடியாது. மூன்று புரோட்டோன்கள் இருக்கின்றன.

மூன்று புரோட்டோன்கள்

முதலாவது, மிட்சுபிஷி புரோட்டோன். 1985 ஜூலை 9ஆம் தேதி ஷா ஆலாமில் வெளிவந்த சாகா, மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே காரின் உடன்பிறப்பு. பிறகு இஸ்வாரா, 1993இல் வீரா. எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டும் ஜப்பான் கைவண்ணம். எங்கள் அப்பா வைத்திருந்த பழைய சாகா பத்து வருடம் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் நடுவே ஓடியது. எண்ணெய் மாற்றுவதும், தண்ணீர் ஊற்றுவதும், பிளக்கைத் துடைத்துப் போடுவதும் அப்பாவே செய்வார். எஞ்சின் ஒருநாளும் கைவிட்டதில்லை. இன்றைக்கும் தாமான் மூலையில் ஓர் இஸ்வாரா, துருப்பிடித்த கதவோடு, காலையில் ஒரே திருகில் உயிர்பெறும் சத்தத்தைக் கேட்கலாம்.

இரண்டாவது, தன்காலில் நிற்க முயன்ற புரோட்டோன். 2000இல் வந்த வாஜாதான் புரோட்டோன் தானே வடிவமைத்த முதல் கார். 2004இல் ஜென்-2, அதோடு சொந்த எஞ்சினான கேம்ப்ரோ. அதே ஆண்டில் மிட்சுபிஷி தன் பங்கை விற்றுவிட்டு வெளியேறியது. கெட்ட பெயர் பெரும்பாலும் இந்தக் காலத்தில் சம்பாதித்தது. பவர் விண்டோ கதையைச் சொல்லாமல் இருக்க முடியுமா? கண்ணாடி ஏறும், இறங்கும், ஒருநாள் இறங்கியது ஏறாது. இல்லையென்றால் இறங்கவே இறங்காது. டோல் சாவடியில் முன்னால் நிற்பவர் கதவைத் திறந்து, உடம்பை வளைத்து டச் அண்ட் கோ அட்டையைத் தட்டினால், பின்னால் நிற்பவர் காரின் பெயரைப் பார்க்கவே தேவையில்லாத காலம் அது.

நன்றாக ஓடும் எஞ்சினைக் கொடுத்தவர்களால் ஒரு கண்ணாடியை ஒழுங்காக ஏற்றி இறக்க முடியவில்லையா என்று சிரிப்போம். ஆனால் அந்தச் சிரிப்புக்குள்தான் முழுப் பதிலும் இருக்கிறது. மிட்சுபிஷி எஞ்சின் வெளிநாட்டில் பல இலட்சம் கார்களில் ஓடித் தேறியது. கண்ணாடி மோட்டாரும், ரெகுலேட்டரும், கதவு ரப்பரும், சுவிட்சும் உள்ளூர் உதிரிப்பாகக்காரர்களிடமிருந்து வந்தவை. உள்ளூர்த் தொழில்களை வளர்க்க 1988இல் ஒரு திட்டமே தொடங்கினார்கள். நோக்கத்தில் பழுதில்லை. ஆனால் செய்துகொடுப்பவருக்கு வாடிக்கையாளர் ஒருவரே. அந்த வாடிக்கையாளரையும் வரிச்சுவர் காக்கிறது. வெளிநாட்டுக் கார் வரியோடு சேர்ந்து இரண்டு மடங்கு விலையில் நிற்கும்போது, கண்ணாடி விழுந்தாலும் மக்கள் எங்கே போவார்கள்? பாகம் சரியில்லை என்று திருப்பி அனுப்பும் துணிவு யாருக்கும் வர வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

கேம்ப்ரோவையும் முற்றாகக் கழித்துவிடக் கூடாது. தொடக்கத்தில் நடுவேகத்தில் இழுவை தொய்யும் குறை இருந்தது; பின்னால் வந்த வடிவங்களில் சரிசெய்தார்கள். பிரிட்டனின் லோட்டஸ் கார் நிறுவனம் கைபட்ட சஸ்பென்ஷனோ அருமை. கேமரன் மலைக்கு ஒரு புரோட்டோன் சாட்ரியா நியோவை ஓட்டிப் போனவருக்கு நான் சொல்வது புரியும். அதே விலையில் எந்த ஜப்பான் காரும் அந்த வளைவுகளை அப்படிப் பிடிக்காது. ஆனால் டர்போ பூட்டிய எக்ஸோரா, பிரெவே கார்களில் எண்ணெய்க் குளிர்விப்புக் குழாய் கசிந்து தொல்லை கொடுத்தது. 2016இல் நிறுவனமே அதை இலவசமாக மாற்றித்தர வேண்டியதாயிற்று.

மூன்றாவது, ஜீலி புரோட்டோன். எக்ஸ்70, எக்ஸ்50, எஸ்70 எல்லாம் சீன வடிவமைப்பில் தஞ்சோங் மாலிமில் பூட்டப்படுபவை. உட்புறத் தையல், கதவு சாத்தும் ஓசை, எல்லாவற்றிலும் பழைய புரோட்டோனின் வாடையே இல்லை. முதல் சில ஆண்டுகளில் மோதிய காரின் பம்பருக்கும் விளக்குக்கும் வாரக்கணக்கில் காத்திருந்தோம் என்ற புலம்பல் பரவலாக இருந்தது. சாகா மட்டும் 2025 வரை தனி வகையாக இருந்தது: பழைய உடம்பு, சொந்த எஞ்சின், 2019 முதல் ஹூண்டாய் நான்கு வேக ஆட்டோ கியர். அந்தக் கியர்பாக்ஸ் மாற்றம் ஒன்றே சாகாவைக் காப்பாற்றியது என்பது என் கணிப்பு. பழைய பெல்ட் வகை கியரின் முனகலைக் கேட்டவர்கள் மறுக்கமாட்டார்கள்.

பெருமை பேசாத பெரோடுவா

இரண்டாவது தேசியக் கார் நிறுவனமான பெரோடுவா வேறு வழியில் போனது. 1994இல் கஞ்சில் வந்தபோது அது ஜப்பானின் டைஹட்சு மீராதான், 660 சி.சி., மூன்று சிலிண்டர். கெனாரி, கெலிசா, 2005இல் மைவி என்று வரிசையாக டைஹட்சுவின் அடித்தளத்திலேயே கட்டினார்கள். சொந்தமாகச் செய்தே தீருவோம் என்ற வீம்பு அவர்களிடம் இல்லை. 2001இல் தயாரிப்புப் பிரிவின் கட்டுப்பாட்டையே ஜப்பானியக் கூட்டாளிகளிடம் விட்டார்கள். பாகங்களில் பெரும்பகுதியை உள்ளூர்க்காரர்கள்தான் செய்கிறார்கள். புரோட்டோனுக்குச் செய்துகொடுத்த அதே வட்டாரம்தான். ஆனால் சோதித்து வாங்குபவர் டைஹட்சு அளவுகோலை வைத்திருக்கிறார். அதனால் ரவாங்கில் பூட்டிய மைவியின் கண்ணாடி ஏறுகிறது, இறங்குகிறது.

விற்பனையில் 2006இல் பெரோடுவா புரோட்டோனை முந்தியது. 2024இல் நாடு முழுக்க விற்ற சுமார் 8 இலட்சத்து 16 ஆயிரம் வாகனங்களில் பெரோடுவா மட்டும் 3 இலட்சத்து 58 ஆயிரம். "மைவிக்காரன்" என்று சாலையில் கேலி பேசினாலும், பழைய மைவியை விற்கப் போனால் கிடைக்கும் விலை கேலிக்காரரின் வாயை அடைத்துவிடும்.

குறை இல்லையா? இருக்கிறது. கதவைத் தட்டினால் மிலோ டின் நினைவுக்கு வரும். நெடுஞ்சாலையில் 110இல் போனால் பாட்டுச் சத்தத்தைக் கூட்ட வேண்டும். சஸ்பென்ஷனில் புரோட்டோனிடம் தோற்றுப்போகும். பாதுகாப்பில் கஞ்சில் காலத்துக்கும் இன்றைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். 2017 மைவி ஆசியான் என்கேப் மோதல் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. ஆனால் 2023 ஏப்ரலில், பக்கவாட்டு மோதல் சோதனையில் முறைகேடு செய்ததாக டைஹட்சுவே ஒப்புக்கொண்ட கார்களில் பெரோடுவா ஆக்சியாவும் ஒன்று. ஜப்பானியன் தப்புப் பண்ணமாட்டான் என்று சொல்லித் திரிந்தவர்கள், நானும் அதில் ஒருவன், அன்றைக்குக் கொஞ்சம் வாயடைத்துப் போனோம்.

சிட்டியும் வியோஸும்

ஹோண்டா, டொயோட்டா பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை, ஊருக்கே தெரியும். எண்ணெய் மாற்றிக்கொண்டே இருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். மறுவிற்பனை விலை உறுதி. புக்கிட் ராஜாவில் பூட்டிய வியோஸை எந்த அனுபவசாலியும் கண்ணால் பார்த்துத் தாய்லாந்தில் பூட்டியதிலிருந்து பிரித்துச் சொல்லமாட்டார்.

ஆனால் உறுதி என்பதும் பாதுகாப்பு என்பதும் ஒன்றல்ல. 2014இல் சரவாக்கின் சிபுவில் ஒரு 2003 மாடல் ஹோண்டா சிட்டியின் ஏர்பேக், விபத்தில் விரியும்போது உலோகத் துண்டைச் சிதறடித்து ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் உயிரைக் குடித்தது. ஏர்பேக்கைச் செய்த தக்காத்தா ஜப்பானிய நிறுவனம். பிறகு இந்த நாட்டில் இன்னும் சில உயிர்கள் போயின. எஞ்சின் சாகாத கார். அதனாலேயே அந்தப் பழைய ஏர்பேக்கோடு கைமாறி கைமாறி இருபது வருடம் ஓடுகிறது. பழைய சிட்டி, ஜாஸ், அக்கோர்ட் வாங்க நினைப்பவர் வர்ணத்தைப் பார்க்குமுன் சேசிஸ் எண்ணைக் கொடுத்து ஏர்பேக் மாற்றியாயிற்றா என்று கேட்க வேண்டும். மாற்றுவது இலவசம்.

ஐரோப்பியக் கார்களை ஒரு பத்தியில் முடித்துக்கொள்கிறேன். குளிர்நாட்டில் இனிமையாக ஓடிய ஃபோக்ஸ்வேகனின் ஏழு வேக உலர் கிளட்ச் கியர்பாக்ஸ், வெயிலிலும் நெரிசலிலும் தடுமாறியது. 2013இல் உலகம் முழுக்க 16 இலட்சம் கார்களைத் திரும்ப அழைத்து எண்ணெயை மாற்றினார்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை ஆறு மணிக்கு அரை அடி அரை அடியாக நகர்வது எந்தப் பொறியாளரின் கனவிலும் வந்திருக்காது.

காசுக் கணக்கு

எங்கள் தாமான் பட்டறை ஃபோர்மேன் அண்ணனிடம் இந்தக் கேள்வியைப் போட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "காடிக்கு நாடு பாக்காத தம்பி. பார்ட்ஸ் எங்க கிடைக்கும், எவ்வளவு வெள்ளி, அத மட்டும் பாரு." சாகாவுக்கும் மைவிக்கும் எந்தச் சின்னப் பட்டணத்திலும் பாகம் கிடைக்கும். ஒரிஜினல், கார்ச் சின்னம் போடாத ஓ.இ.எம்., இரண்டும் கட்டுப்படியாகாவிட்டால் பழைய கார்களைப் பிரித்து விற்கும் பொட்டோங் கடை என்று மூன்று விலை. சிட்டிக்கும் வியோஸுக்கும் கிடைக்கும், ஆனால் ஒரிஜினல் விலையைக் கேட்டால் நாற்காலி தேட வேண்டும். ஜீலி வகையில் வெளிச் சந்தை இப்போதுதான் சூடுபிடிக்கிறது.

புதுச் சாகா சுமார் 40 ஆயிரம் வெள்ளி, மைவி 50 ஆயிரத்தை ஒட்டி, சிட்டி 85 ஆயிரம் வாக்கில். சாகாவுக்கும் சிட்டிக்கும் நடுவே 45 ஆயிரம் வெள்ளி. ஒன்பது வருடக் கடனில் வட்டியும் அதன் மேல் ஏறும். அந்தக் காசுக்குச் சாகாவின் கியர்பாக்ஸ், ஏர்கோன், நான்கு கண்ணாடி மோட்டார் எல்லாவற்றையும் பலமுறை மாற்றிவிட்டு மிச்சத்தில் ஊருக்கும் போய் வரலாம். ஆனால் ஐந்து வருடத்தில் விற்கப்போகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சாகா இழக்கும் விலையைச் சிட்டி அதே விகிதத்தில் இழப்பதில்லை. ஆகவே என் தேர்வு இது: பத்து வருடம் வைத்து ஓட்டுபவருக்குச் சாகா, இடையில் விற்பவருக்கு மைவி அல்லது பெரோடுவா பெஸா, மாதத் தவணை உறுத்தாதவருக்கும் குடும்பத்தோடு அடிக்கடி நெடுந்தூரம் போகிறவருக்கும் சிட்டி. பழைய காராக வாங்குவதென்றால் 2004 முதல் 2016 வரையிலான புரோட்டோனைத் தெரிந்த ஃபோர்மேன் இல்லாமல் தொடாதீர்கள்.

என் அக்கா மகன் இதையெல்லாம் கேட்டுவிட்டுப் போன மாதம் சாகாவே எடுத்தான். வீட்டு வாசலில் நிறுத்தி, தாத்தாவை முன்சீட்டில் உட்கார வைத்தான். அப்பா ஏர்கோனைத் தொடவில்லை, ரேடியோவைத் தொடவில்லை. கண்ணாடிப் பொத்தானை அழுத்தி இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார், ஏற்றினார். பிறகு பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "ம்ம், எடு" என்றார்.