காந்தப் பட்டையா, சுழல் உருளையா?

வானிலை ஆய்வாளர் லாரன்ஸின் 1963 சமன்பாடுகளைச் சில வரி நிரலில் ஓட்டினால் கேயாஸ் (விதிப்படியே நடந்தும் முன்கூட்டிக் கணிக்க முடியாத தாறுமாறான இயக்கம்) திரைக்கு வந்துவிடும். அதையே சோதனை மேசையில் பார்க்க வேண்டுமானால்? திடப்பொருள் பக்கம் ஒரு புகழ்பெற்ற கருவி உண்டு, பாய்மம் (திரவம், வாயு) பக்கம் ஒன்று.

முதலாவது, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரான்சிஸ் மூனும் பிலிப் ஹோம்ஸும் 1979இல் வெளியிட்டது. மெல்லிய எஃகுப் பட்டை மேலே இறுக்கப்பட்டுத் தொங்கும். கீழே இரண்டு காந்தங்கள். இவற்றைத் தாங்கும் சட்டத்தைக் கொஞ்சமாக ஆட்டினால் பட்டை ஒரு காந்தத்தின் பக்கமே அதிரும். ஆட்டத்தைக் கூட்டினால் இரண்டுக்கும் நடுவே தாறுமாறாகத் தாவும். பட்டையின் அசைவைச் சொல்லும் டஃபிங் சமன்பாடு ஒரே வரிதான். கணக்கையும் சோதனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் ரொம்ப வேகமாக ஆட்டினால் பட்டையின் மற்ற அதிர்வு வடிவங்களும் கிளம்பிவிடும். அப்புறம் அந்த ஒரு வரி போதாது.

இரண்டாவது, டெய்லர்–கூவெட் உருளைகள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளை, இடைவெளியில் திரவம், உள் உருளை சுழலும். வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும், உளுந்து வடைகளை அடுக்கியதுபோல் வளையச் சுழல்கள் தோன்றும் என்று ஜி. ஐ. டெய்லர் 1923இல் கணக்கிட்டு, சோதித்தும் காட்டினார். இன்னும் வேகம் கூட்டினால் வளையங்கள் நெளியும். ஒவ்வொன்றாகப் புதுப்புது அதிர்வெண்கள் முடிவில்லாமல் சேர்ந்துதான் கொந்தளிப்பு (ஓட்டம் முழுக்க ஒழுங்கிழந்த நிலை) பிறக்கிறது என்பது இயற்பியலாளர் லாண்டாவின் கருத்து. 1975இல் கொலப்பும் ஸ்வின்னியும் லேசரால் திசைவேகத்தை அளந்தபோது, சில அதிர்வெண்களுக்குப் பிறகே ஒழுங்கு குலைந்துவிட்டது. சில அதிர்வெண்களே கேயாஸுக்குப் போதும் என்று ரூயெல், டேக்கன்ஸ் இருவரும் 1971இல் சொன்னதற்கு நெருக்கமான முடிவு இது.

தொல்லையும் இங்கேதான் அதிகம். வெப்பநிலை சற்று மாறினாலே திரவத்தின் பாகுநிலை (பிசுபிசுப்பு) மாறி, அளவீடு நகர்ந்துவிடும். அது போதாதென்று, ஒரே வேகத்தில் வெவ்வேறு எண்ணிக்கையில் சுழல்கள் நிற்கும். அந்த வேகத்துக்கு எப்படி வந்தோம் என்பதைப் பொறுத்தது அது. 1965இல் கோல்ஸ் இதை விரிவாகக் காட்டினார்.

முதுநிலை மாணவருக்கு, ஓர் ஆண்டுத் திட்டம் என்றால், பட்டையைத்தான் சொல்வேன். கையில் பணமும் பொறுமையும் இருந்து, முனைவர் பட்டத்துக்குப் புதிதாக ஏதாவது வேண்டுமென்றால் உருளை. இரண்டு உருளைகளையும் சுழலவிட்டால் என்னென்ன ஓட்டங்கள் வரும் என்று ஆண்டெரெக், லியூ, ஸ்வின்னி மூவரும் 1986இல் போட்ட வரைபடத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.