குனிந்து பார்ப்பவனுக்கு ஒரு கண்ணாடி

டொரான்டோவிலிருந்து பெங்களூருக்கு வரும் ஒவ்வொரு முறையும் என் வேலைப் பட்டியலில் பல்லும் கண்ணும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்துக்கொள்ளும். ஒன்டாரியோ மாகாணத்தில் 20 வயதுக்கும் 64 வயதுக்கும் இடைப்பட்டவர்களுக்கு, நீரிழிவு போன்ற நோய் ஏதும் இருந்தாலொழிய, வழக்கமான கண் பரிசோதனைச் செலவை அரசுக் காப்பீடு ஏற்பதில்லை. கண்ணாடியின் விலையோ தனிக் கதை. ஆகவே அல்சூரில் அக்கா வீட்டில் தங்கிய மூன்று வாரத்தில் புதிய கண்ணாடியும் முடிந்தால் கான்டாக்ட் லென்ஸும் வாங்கிவிடுவது என்று முடிவுசெய்து வந்தேன். இம்முறை அதற்கு ஒரு தனிக் காரணமும் இருந்தது. புதன்கிழமைதோறும் நண்பர்களுடன் பூல் ஆடுகிறேன்; மேசைமீது கோலால் பந்தை அடித்துக் குழியில் தள்ளும் ஆட்டம் அது. கடந்த குளிர்காலத்திலிருந்து மேசையின் மறுகோடியில் இருக்கும் பந்துகளை மட்டும் தொடர்ந்து தவறவிட்டுக்கொண்டிருந்தேன். கை நடுங்கவில்லை, கோலும் கோணவில்லை. சந்தேகம் கண்ணின்மீது விழுந்தது.

எனக்கு வயது 48. வலக்கண்ணுக்கு மைனஸ் 5.50, அதோடு சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் சேரும் பவர்) 0.75, அச்சு (அதைப் பொருத்தும் கோணம்) 90. இடக்கண்ணுக்கு மைனஸ் 3.75. போதாததற்கு வெள்ளெழுத்தும் தொடங்கிவிட்டது. இந்த எண்களைச் சொல்லக் காரணம் உண்டு. இரண்டு கண்ணுக்கும் இடையிலான அந்த 1.75 வித்தியாசமே என் ஆட்டத்தைக் கெடுத்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

முதலில் சென்றது ஒரு பெரிய வணிக வளாகத்தில் இருந்த தொடர் கடைக்கு. பரிசோதனை இலவசம், குளிர்சாதன வசதி, பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அளவெடுத்த இளைஞர் என்னை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, டேப்லெட் ஒன்றை முகத்துக்கு நேரே பிடித்துப் படமெடுத்தார். பூல் ஆடுவதற்கும் இந்தக் கண்ணாடி வேண்டும் என்று சொன்னேன். "புரோகிரசிவ் போட்டா எல்லாத்துக்கும் ஒரே கண்ணாடி, சார்" என்றார். 34 மில்லிமீட்டர் உயரமே உள்ள நாகரிகமான ஃபிரேம், மேலே தூரத்துக்கும் கீழே வாசிப்புக்குமாகப் பவர் படிப்படியாக மாறும் புரோகிரசிவ் லென்ஸ், 14,000 ரூபாய். நான்காம் நாள் கைக்கு வந்தது. அதைப் போட்டுக்கொண்டு கமர்ஷியல் தெருவில் நடந்தபோது ஒரு குறையும் தெரியவில்லை.

அன்று மாலையே அக்கா மகன் இந்திரா நகரில், பூலைப் போன்றே மேசையில் ஆடும் ஸ்னூக்கருக்கான ஒரு பார்லருக்கு அழைத்துப் போனான். ஸ்னூக்கர் உலகச் சாம்பியன் பங்கஜ் அத்வானி ஆடி வளர்ந்த ஊர் என்பதால் பெங்களூரில் இவ்விளையாட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. பக்கத்து மேசையில் பள்ளிச் சீருடையோடு ஆடிய பையன்கள்கூடக் கோலை முறையாகப் பிடித்திருந்தார்கள். நான் மட்டும் தடுமாறினேன். நின்றபடி மேசையைப் பார்த்து எந்தப் பந்தை அடிப்பது என்று யோசிக்கையில், பார்வை லென்ஸின் கீழ்ப்பகுதி வழியாக, அதாவது புத்தகம் வாசிப்பதற்கான பகுதி வழியாகப் போனதால், பச்சைத் துணி முழுவதும் மங்கலாகத் தெரிந்தது. தலையைத் திருப்பினால் மேசையின் நேரான ஓரம் வில்லாக வளைந்தது. குனிந்து குறிபார்த்தால் அடிக்க வேண்டிய பந்தின் குறுக்கே ஃபிரேமின் மேல்விளிம்பு கறுப்புக் கோடாக நின்றது. ஏழு ஆட்டத்தில் ஆறு தோற்றேன். "மாமா, நீங்க கண்ணாடியைக் கழட்டிட்டு ஆடுங்க" என்று மருமகன் சொன்னதைக் கேலியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மறுநாள் கடைக்குத் திரும்பிச் சென்று முறையிட்டபோது, பழகப் பழகச் சரியாகிவிடும் என்ற பதில் மட்டுமே கிடைத்தது. அளவில் தவறில்லை, ஆகவே மாற்றித்தர இயலாது என்றார்கள். அவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன்: நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கு அந்த அளவு சரியே. ஆனால் குனிந்து ஆடுவேன் என்று நான் சொன்னதை எழுதிக்கொள்ளக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதே என் வருத்தம்.

அக்காதான் வழி சொன்னார். சிவாஜி நகரில் ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கு அருகில், எங்கள் அப்பாவுக்குக் கடைசிவரை கண்ணாடி போட்டுக்கொடுத்த பாய் கடை இன்னும் இருக்கிறது, போய்ப் பார் என்றார். எட்டடி அகலக் கடை. ஆம்பூர்ப் பக்கத்துத் தமிழ் பேசும் பெரியவர், என் கண்ணாடியை வாங்கி, லென்ஸின் பவரைப் பார்க்கும் கருவியில் வைத்துச் சுழற்றினார். "பவர்ல தப்பு இல்ல. நீங்க எப்பிடிக் குனிவீங்க, காட்டுங்க" என்றார். கோல் இல்லையே என்றேன். மூலையில் சாய்ந்திருந்த தம் குடையை எடுத்துக் கொடுத்தார்.

கண்ணாடிப் பெட்டிகள் நிறைந்த அந்த மேசையின்மீது குடையை நீட்டி, தாடை குடைக்காம்பில் படும் அளவுக்குக் குனிந்தேன். எதிர்ச் சுவரில் தொங்கிய நாட்காட்டியின் தேதியைப் பார்க்கச் சொன்னார். வெற்று ஃபிரேமில் மாதிரிக்காகப் பொருத்தியிருந்த பிளாஸ்டிக் தகட்டில், என் கண்மணிக்கு நேரே, மெல்லிய மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். பிறகு நிமிர்ந்து நிற்கச் சொல்லி இன்னொரு புள்ளி. ஃபிரேமைக் கழற்றி அடிக்கோலால் அளந்தார். இரண்டு புள்ளிக்கும் இடையே 12 மில்லிமீட்டர். எதிர்க்கடையில் துணி வாங்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அந்த 12 மில்லிமீட்டரில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. லென்ஸின் நடுவே ஒளியியல் மையம் என்ற ஒரு புள்ளி உண்டு. அதன் வழியாகப் பார்த்தால் ஒளி திசைமாறாமல் வருகிறது. மையத்திலிருந்து விலகிப் பார்க்கும்போது லென்ஸ் ஒரு பட்டகம்போல் வேலைசெய்து, பார்க்கும் பொருளை இடம்மாற்றிக் காட்டுகிறது. எவ்வளவு மாற்றுகிறது என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது: விலகிய தொலைவைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்க வேண்டும். எனக்கு வலக்கண்ணில் 1.2 பெருக்கல் 5.5, அதாவது 6.6, இடக்கண்ணில் 1.2 பெருக்கல் 3.75, அதாவது 4.5. (சிலிண்டரின் அச்சு 90 என்பதால் மேல்கீழ்க் கணக்கில் அது சேராது.) இரண்டு கண்ணும் ஒரே அளவில் ஏமாந்திருந்தால் மூளை சமாளித்துக்கொள்ளும். ஓர் அலகு என்பது ஒரு மீட்டர் தொலைவில் ஒரு சென்டிமீட்டர் இடமாற்றம். எனக்கு வித்தியாசம் 2.1 அலகு, இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் பந்தை ஒரு கண் மற்றொரு கண்ணைவிட நாலு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் உயர்த்தியோ தாழ்த்தியோ காட்டுகிறது என்று பொருள். பூல் பந்தின் விட்டமே 57 மில்லிமீட்டர்தான். இரு பிம்பங்களையும் ஒன்றாக்கக் கண் தசைகள் ஓயாமல் இழுத்துப் பிடிக்கின்றன. இரவு பத்து மணிக்குமேல் அவை களைத்துவிடும்போது பந்துக்கு ஒரு நிழல் முளைக்கிறது. புதன்கிழமைகளில் கடைசி இரண்டு ஆட்டங்களை நான் ஏன் தோற்றுவந்தேன் என்பது சிவாஜி நகரில் விளங்கியது.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. ஸ்னூக்கர் வீரர் ஃபிரெட் டேவிஸ் பல பத்தாண்டுகளுக்கு முன்பே சாய்வை மாற்றிக்கொள்ளும்படி கீல் வைத்த கண்ணாடி அணிந்தே ஆடினார். 1985இல் ஷெஃபீல்டு நகரில் நடந்த உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில் ஸ்டீவ் டேவிஸைக் கடைசிக் கறுப்புப் பந்தில் 18-17 என்று வென்ற டெனிஸ் டெய்லரின் முகத்தில் இருந்ததும், தலைகீழாக மாட்டியதுபோல் தோன்றும் மிகப் பெரிய கண்ணாடிதான். முன்னாள் ஆட்டக்காரரும் வருணனையாளருமான ஜாக் கார்னம் அவருக்காக வடிவமைத்தது அது. நாம் சாதாரணமாக அணியும் கண்ணாடி கீழ்ப்பக்கம் கன்னத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். நடப்பதற்கும் வாசிப்பதற்கும் அது ஏற்றது. குனிந்தவனின் பார்வை அதே லென்ஸைச் சரிவாக வெட்டிக்கொண்டு போவதால் தெளிவு குறைகிறது. டெய்லரின் கண்ணாடி எதிர்ப்பக்கம் சாய்ந்து, குனிந்த நிலையில் பார்வைக்குச் செங்குத்தாக நின்றது. ஸ்னூக்கரின் விதிகள் 1882இல் நம் ஊட்டி கிளப்பில் ஒட்டப்பட்டவை என்று நான் பெருமையாகச் சொன்னபோது, கடைப் பெரியவர் தலையை ஆட்டிவிட்டு, "ஃபிரேம் பெரிசா வேணும், பரவாயில்லையா?" என்று வேலைக்குத் திரும்பினார்.

அவர் செய்ததைச் சற்று விரிவாக எழுதுகிறேன்; இதே தொல்லை உள்ளவர்கள் தங்கள் கண்ணாடிக் கடையில் கேட்டுப் பெறலாம். 46 மில்லிமீட்டர் உயரமுள்ள, மூக்குத்தாங்கிகளை வளைக்க வசதியான உலோக ஃபிரேமைத் தேர்ந்தெடுத்தார். ஒளியியல் மையத்தை வழக்கமான இடத்திலிருந்து 9 மில்லிமீட்டர் உயர்த்தினார். மீதி மூன்றை மூக்குத்தாங்கிகளை நெருக்கி ஃபிரேமையே மேலே தூக்கியதால் ஈடுசெய்தார். கன்னத்தை நோக்கிய சாய்வை அறவே நீக்கினார். மெல்லிய லென்ஸ் கேட்டேன், வேண்டாம் என்றார். 1.67 வகை மெல்லிய லென்ஸ்கள் சாதாரண பிளாஸ்டிக் லென்ஸைவிட வண்ணங்களை அதிகமாகப் பிரிக்கின்றன. அவற்றின் ஓரம் வழியாகப் பார்த்தால் வெள்ளைப் பந்தின் விளிம்பில் நீலமும் மஞ்சளும் மெலிதாகப் படியும். சாதாரண பிளாஸ்டிக்கில் அது குறைவு, ஆனால் சோடாபுட்டிபோல் தடித்துவிடும். அழகா ஆட்டமா என்று கேட்டால் மேசைக்குமுன் ஆட்டம்தான். மேசைக்கு மேலே தொங்கும் விளக்குகள் லென்ஸில் மின்னாமலிருக்கப் பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு மட்டும் போட்டார்.

அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. இரு கண்ணிலும் பவரில் 0.25 குறைத்தார். அப்படிக் குறைத்தால் நான்கு மீட்டர்வரைதான் கூர்மையாகத் தெரியும். ஒன்பதடிப் பூல் மேசையின் ஆடுபரப்பின் நீளமோ 2.54 மீட்டர். மேசைக்கு வெளியே தெரிந்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு அருகிலிருக்கும் வெள்ளைப் பந்தும் சற்று எளிதாகப் பிடிபடும். ஃபிரேமும் லென்ஸும் சேர்த்து 4,800 ரூபாய், மூன்று நாள். "இதைப் போட்டுக்கிட்டு படி இறங்காதீங்க" என்ற எச்சரிக்கை இலவசம். அதை மதிக்காமல் பார்லரின் மாடிப்படியில் ஒருமுறை இறங்கி, கடைசிப் படியில் கால் இடறி மருமகனின் தோளைப் பிடித்துக்கொண்டேன். மையம் உயர்ந்துவிட்டதால், கீழே பார்க்கும்போது அதே பட்டகத் தொல்லை இரட்டிப்பாக வந்து நிற்கிறது.

கான்டாக்ட் லென்ஸுக்காகத் தனியாக ஒரு கண் மருத்துவமனைக்குச் சென்றேன். காத்திருப்பு இரண்டு மணி நேரம். அதன்பின் கிடைத்த கவனிப்புக்கு அது பெரிதல்ல. சேலத்துப் பெண் ஒருவர், பரிசோதகர், முக்கால் மணி நேரம் செலவிட்டார். கண்ணை ஒட்டியே இருப்பதால் கான்டாக்ட் லென்ஸில் பவர் குறையும் என்று விளக்கி, வலக்கண்ணுக்கு மைனஸ் 5.25, இடக்கண்ணுக்கு 3.50 என்று மாதிரி லென்ஸ் போட்டுப் பார்த்தார். லென்ஸ் கண்ணோடு சேர்ந்து நகர்வதால் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் மையம் விலகுவதில்லை. ஃபிரேமும் இல்லை, வியர்வையில் வழுக்கி இறங்கும் மூக்குப் பிடிப்பும் இல்லை. அன்று மாலை மேசைமுன் குனிந்தபோது நான்கு மூலைக் குழிகளையும் ஒரே பார்வையில் கண்டதை மறுக்கமாட்டேன்.

ஆனால் ஒரு மணி நேரத்தில் குறைகள் தலைகாட்டின. குறிபார்க்கையில் நாம் இமைப்பது குறைகிறது. குளிர்சாதன அறையில் லென்ஸ் உலர்ந்து பார்வை கலங்குகிறது. சிலிண்டருக்கான லென்ஸ் கண்ணில் சரியான நிலையில் நிற்க வேண்டியது, தலையைச் சாய்த்துக் குனியும்போது சற்றுத் திரும்பி, ஓரிரு முறை இமைத்த பிறகே நிலைக்கு வருகிறது. இன்னொன்றை அந்தப் பெண் முன்கூட்டியே சொல்லியிருந்தார்: கிட்டப்பார்வைக்காரர்களுக்குக் கண்ணாடியைவிடக் கான்டாக்ட் லென்ஸில் அருகில் பார்க்கக் கண் அதிகம் உழைக்க வேண்டும், ஆகவே வெள்ளெழுத்து திடீரென்று கூடியதுபோல் தோன்றும். கைப்பேசியைக் கை நீளத்துக்கு நீட்டிப் பிடித்து வாசித்தேன். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் சரிசெய்யும் முறை இருக்கிறதாம். ஆழம் கணிக்க இரண்டு கண்ணும் வேண்டும் என்பதால் ஆட்டத்துக்கு வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். கோல்நுனிக்குப் பூசும் நீலச் சாக் விரலில் ஒட்டியிருக்கும்போது கண்ணைத் தொடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னார். மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் ஆட்டோவில் போய் வந்த எனக்குச் சாக்கைவிடப் புழுதிதான் பெரிய சோதனை.

பெங்களூரிலிருந்த கடைசி ஐந்து மாலைகளில் மூன்று பாய் போட்ட கண்ணாடியோடும் இரண்டு கான்டாக்ட் லென்ஸோடும் ஆடினேன். நீண்ட அடிகளில் கண்ணாடியே மேல். மேசையைச் சுற்றி நடந்து யோசிக்கும்போது கான்டாக்ட் லென்ஸ் மேல். டொரான்டோவுக்கு எடுத்து வந்தது இரண்டையும்தான், ஆனால் புதன்கிழமைகளில் கைப்பையில் இருப்பது சோடாபுட்டி. பெரியவர் பின்னொரு நாள் இங்கே போட நேர்ந்தால் காட்டும்படி, கடை அட்டையின் பின்புறம் பவரையும் மையத்தின் உயரத்தையும் பென்சிலில் எழுதித் தந்திருக்கிறார்.

தொடர் கடையில் மூன்றாம் முறை பேசிய பிறகு, புரோகிரசிவ் கண்ணாடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு பாதி விலைக்கு ஒரு கூப்பன் தந்தார்கள். இந்தியக் கிளைகளில் மட்டுமே செல்லும், ஆறு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று அதில் அச்சிட்டிருந்தது. அக்கா அதில் தமக்கு ஒரு வாசிப்புக் கண்ணாடி வாங்கிக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்து நாளிதழ் படிக்கும் அவருக்கு அது கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது.