மிளகாய்க்கு ரீஸ்லிங், இஞ்சிக்கு கெவுர்ட்ஸ்ட்ரமீனர்: மணமுள்ள வெள்ளை ஒயின்களில் எதற்கு எது?

மணம் தூக்கலான வெள்ளை ஒயின் என்றாலே காரச் சாப்பாட்டுக்குப் பொருந்தும் என்று சொல்லிவிடுகிறார்கள். அதை நம்பி 14 சதவீத ஆல்கஹால் உள்ள கெவுர்ட்ஸ்ட்ரமீனரை மிளகாய் போட்ட பதார்த்தத்தோடு வைத்தால் நாக்கு இன்னும் எரியும். கெவுர்ட்ஸ்ட்ரமீனர், ரீஸ்லிங், மஸ்கட் என்ற மூன்று திராட்சை வகைகளின் ஒயின்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பார்த்தால் காரணம் புரியும்.

முதலில் மணம். கெவுர்ட்ஸ்ட்ரமீனரில் லிச்சிப் பழமும் ரோஜாவும் முந்திக்கொண்டு வரும். லிச்சிக்கும் ரோஜாவுக்கும் மணம் தரும் சிஸ்-ரோஸ் ஆக்சைடு இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. பின்னாலேயே இஞ்சியும் பட்டையும் லேசாகத் தெரியும். தோல் இளஞ்சிவப்பு என்பதால் ஒயினும் மற்ற இரண்டைவிட அடர்ந்த பொன்னிறம். மஸ்கட்டில் லினலூல், ஜெரானியால் என்ற மணப்பொருள்கள் மிகுதி. புதுத் திராட்சையைக் கடித்த மணமும் ஆரஞ்சுப் பூ மணமும் அதில்தான் கிடைக்கும். ரீஸ்லிங்கில் எலுமிச்சை, பச்சை ஆப்பிள், பீச். சில வருடம் பாட்டிலில் இருந்தால் பெட்ரோல் போன்ற ஒரு வாடை சேரும். அது கெட்டுப்போனதன் அறிகுறி இல்லை.

வாயில் வைத்ததும் இந்த மூன்றின் உறவு முறிந்துவிடும். ரீஸ்லிங்கின் பிஎச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 3-ஐ ஒட்டியே நிற்கும். புளிப்பு கூர்மையாக இருக்கும். கெவுர்ட்ஸ்ட்ரமீனரில் பிஎச் 3.5-ஐத் தாண்டுவது சகஜம். இந்தத் திராட்சையில் மணம் முழுதாகத் திரள்வது பழுப்பதன் கடைசிக் கட்டத்தில்தான். அதற்குள் சர்க்கரை ஏறிவிடுகிறது, புளிப்பு இறங்கிவிடுகிறது. முன்கூட்டிப் பறித்தால் மணம் போகும்; தாமதித்தால் ஒயின் கனத்து, தொய்ந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு நிற்கும். இரவுக் குளிர் புளிப்பைக் காப்பாற்றும் இடங்களில், உதாரணமாக இத்தாலியின் ஆல்ட்டோ அடிஜே மலைச்சரிவுகளில், இது நன்றாக வருகிறது. முடிவில் தோலிலிருந்து வந்த மெல்லிய கசப்பு ஒன்று தங்கும். அது அளவோடு இருப்பதுதான் அழகு. இனிப்பு மணம் திகட்டாமல் காப்பது அதுவே.

சுவைப்பதில் பெரிய சிக்கல், மணம் நம்மை ஏமாற்றுவது. ரோஜா மணம் வந்தால் சர்க்கரை இல்லாவிட்டாலும் மூளை இனிப்பு என்றே சொல்லும். மூக்கை விரலால் மூடிக்கொண்டு ஒரு வாய் உறிஞ்சி, நாக்கின் மேல் ஐந்து விநாடி வைத்திருங்கள். இனிப்பு அப்போதும் தெரிந்தால் சர்க்கரை உண்மையிலேயே இருக்கிறது. கசப்பும் ஆல்கஹால் சூடும் மட்டும் தெரிந்தால் அது டிரை, அதாவது இனிப்பில்லாத ஒயின். பிறகு மூக்கைத் திறந்தால் லிச்சி மணம் ஒரே வீச்சில் ஏறும். உணவோடு பொருத்துவதற்கு முன் இந்தச் சோதனை அவசியம்.

மெலிந்த வாயுள்ள டியூலிப் வடிவக் கிளாஸில் 60 மில்லி போதும். ரீஸ்லிங், மஸ்கட்டுக்கு 8 முதல் 10 டிகிரி செல்சியஸ்; கெவுர்ட்ஸ்ட்ரமீனருக்கு 10 முதல் 12. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே ஊற்றினால் மணம் அடங்கி, கசப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். 15-ஐத் தாண்டினால் ஆல்கஹால் மூக்கைக் குத்தும். சுவைக்கும் வரிசை ரீஸ்லிங், மஸ்கட், கடைசியில் கெவுர்ட்ஸ்ட்ரமீனர். மாற்றினால் ரீஸ்லிங் வெறும் புளித்தண்ணீராகத் தெரியும், பாவம்.

இப்போது உணவு. மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும், சர்க்கரை தணிக்கும். ஆகவே காரம் தூக்கலாக இருந்தால் ஜெர்மனியின் மோசல் பகுதியில் கபினெட் என்ற லேசான வகையாக வரும் ரீஸ்லிங்தான் சரி: ஆல்கஹால் பெரும்பாலும் 8, 9 சதவீதம்தான், மிச்சச் சர்க்கரையும் உண்டு, நாக்கைக் கழுவிவிடும் புளிப்பும் உண்டு. இஞ்சி, பட்டை, கிராம்பு, நட்சத்திர சோம்பு என மணமுள்ள, ஆனால் எரிக்காத மசாலாவுக்குக் கெவுர்ட்ஸ்ட்ரமீனர். வாத்து, பன்றி போன்ற கொழுத்த இறைச்சியோடு அதன் கனம் ஈடுகொடுக்கும். பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் நாற்றத்துக்குப் பேர்போன மன்ஸ்டர் சீஸைச் சீரகம் போன்ற கேரவே விதையோடு சேர்த்து இதனுடன் பரிமாறுவார்கள். உப்பையும் நெடியையும் இந்த ஒயின் தாங்குவதை அங்கே பார்க்கலாம். இதைவிடச் சிறந்த ஜோடி எனக்குத் தெரிந்து இல்லை.

எலுமிச்சையோ வினிகரோ பிழிந்த எதனோடும் கெவுர்ட்ஸ்ட்ரமீனர் வேண்டாம். தட்டில் புளிப்பு அதிகமானால், ஏற்கெனவே புளிப்புக் குறைந்த ஒயின் சப்பென்று ஆகிவிடும். அங்கே டிரை ரீஸ்லிங். அல்சாஸின் டிரை மஸ்கட்டுக்கு வேலை குறுகியது: சாப்பாட்டுக்கு முன் ஒரு கிளாஸ், அல்லது பல வெள்ளை ஒயின்களைக் கெடுத்துவிடும் ஆஸ்பராகஸோடு.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். 2021 அறுவடையிலிருந்து அல்சாஸ் ஒயினில் இனிப்பு நிலையைக் குறிப்பது கட்டாயம்: லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை வரை செக் (டிரை), 12 வரை டெமி-செக், 45 வரை ம்வாலே, அதற்கு மேல் டூ. ஜெர்மன் ரீஸ்லிங்கில் ஆல்கஹால் எண்ணே துப்புக் கொடுக்கும்: 8 என்றால் சர்க்கரை மிஞ்சியிருக்கிறது, 12-க்கு மேல் என்றால் பெரும்பாலும் டிரை.

இனிப்புப் பண்டத்தோடு குடிப்பதானால் ஒயின் பண்டத்தைவிட இனிப்பாக இருக்க வேண்டும், இல்லையேல் புளித்துக் காட்டும். பழம் வைத்த லேசான கேக்குக்கு 5 சதவீத ஆல்கஹாலும் மெல்லிய நுரையும் உள்ள இத்தாலிய மஸ்கட் ஒயினான மொஸ்காட்டோ டாஸ்தி. தேன், பாதாம் சேர்ந்த கனமான இனிப்புக்குத் தாமத அறுவடை கெவுர்ட்ஸ்ட்ரமீனர்.